சொட்டு விழும் இடமும் நீர் கசியும் இடமும்

களனி கங்கையின் ஓரத்தே, அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில் அமைந்திருப்பது கித்துல்கல. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரின் பெயரைக் கேட்டதும், 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் பலருக்கு நினைவில் எழும். அப்படத்திற்கென அங்கே நீரின் குறுக்கே மரப்பாலமொன்று கட்டப்பட்டதும், ஈற்றில் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் ஊரறிந்த செய்தி. இன்று நுரைத்துப் பாயும் ஆற்றில் படகு செலுத்த விரும்புவோர் தொலைவிலிருந்தும் அவ்வூரை நாடி வருகின்றனர். ஆயினும் இப்பேச்சுக்குப் பொருளாவது அப்பேராறு அன்று. கித்துல்கலையைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலே புதிதாக எழும் வீடுகளின் குளியலறையில், கைகழுவும் பேசினின் அடியில், எவரும் பாராத வேளையில் விழும் ஒரு சொட்டு நீரே இங்குப் பொருள்.

இச்சிறு பொருளை வானொலியில் எடுத்துப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். வியப்புக்கு இடமில்லை. தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் 10 அடிக்கு 12 அடி அளவான லயத்துக் காம்பராக்களே பல தலைமுறைகளின் இல்லமாக இருந்தன. நீர் வேண்டுமாயின் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலியடிக்குப் போதல் வேண்டும். முகம் கழுவுவதும் துணி துவைப்பதும் அங்கேயே. பீலியில் சிந்திய நீர் கானில் ஓடி ஓடையைச் சேர்ந்தது. அது எங்கே கசிகின்றது, எங்கே தேங்குகின்றது என்று வீட்டுக்குள் இருந்தோர் கவலைகொள்ளத் தேவை இருக்கவில்லை. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயன்களிலேயே வாழ்கின்றன. ஆயினும் 7 பேர்ச் காணியிலே தனிவீடு என்னும் ஏற்பாடு மெல்ல மெல்ல நடைமுறைக்கு வந்திருக்கின்றது. இந்திய உதவியுடன் தோட்டப்புறங்களில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டத்துக்கு மேலாக, மேலும் 10,000 வீடுகள் வழங்கப்படும் என்று 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்ததும் நேயர்கள் அறிந்ததே. அரசின் திட்டத்தால் வீடு பெற்றோரும் உளர். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தால் வீட்டைக் கட்டியோரும், பழைய வீட்டோடு குளியலறை சேர்த்தோரும் உளர்.

அவ்வாறு எழுந்த வீட்டிலே வெள்ளைப் பீங்கான் பேசின் ஒன்று சுவரில் அமைந்த நாள், அக்குடும்பத்துக்கு ஒரு நன்னாளே. குடம் சுமந்த தாய் வீட்டுக்குள்ளேயே குழாயைத் திறந்து முகம் கழுவுகின்றாள். ஆனால் அதே நாளில் அக்குடும்பம் முன்பு அறியாத ஒரு பொறுப்பும் உடன் வருகின்றது. வீட்டுக்குள் வந்த நீரை வீட்டுக்கு வெளியே முறையாக அனுப்ப வேண்டும். அதற்கு இடையில் நான்கைந்து மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று சற்றே தவறினாலும், அந்த நீர் செல்ல வேண்டிய வழியை விட்டுத் தன் வழியே செல்லத் தொடங்கும்.

பெரும்பாலும் நிகழ்வது இது. பேசினைப் பொருத்தியவர் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் நீர் ஓடுவதைக் காட்டுகின்றார். கீழே ஈரம் இல்லை. கூலியைப் பெற்றுச் சென்றுவிடுகின்றார். பத்து நாளில் பேசினின் கீழே தரை நனைந்திருப்பதை வீட்டுக்காரி காண்கின்றாள். “தம்பி, கீழே ஈரமாக இருக்கிறதே?” என்று வழியில் கண்டு கேட்டால், “புதிதல்லவா, அக்கா? போகப் போகச் சரியாகிவிடும்” என்ற விடை கிடைக்கின்றது. உடனே ஒரு பழைய வாளியை அல்லது வெட்டிய பெயின்ற் வாளியை அடியில் வைத்துவிட்டு எல்லோரும் அதனை மறந்துவிடுகின்றனர். கசிவு போகப் போகச் சரியாவதில்லை. மனிதர்தாம் போகப் போக அதற்குப் பழகிவிடுகின்றனர்.

அவ்வாளியில் சேரும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஏறக்குறைய 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். ஒருமுறை கைகழுவும்போது 20 சொட்டு விழுகின்றதெனக் கொள்வோமாயின், ஐவர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு 30 முறை பேசின் பயன்பட்டால் 30 மில்லிலீற்றர் சேரும். மாதமொன்றில் அது 900 மில்லிலீற்றராகும். அதாவது ஒரு பெரிய போத்தல் நீர். ஊற்றிவிட வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழாத அளவு அது. ஆனால் நுளம்புக்கு அதுவே தாராளம்.

இலங்கை முழுவதிலும் 2017ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 400க்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். இந்நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு குளத்தையோ ஆற்றையோ தேடிச் செல்வதில்லை. வீட்டையும் வீட்டுச் சூழலையும் அண்டிய சிறு கலங்களில் அசையாது நிற்கும் நீரே அதற்குப் பிடித்தமானது. கலத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி அது முட்டையிடுகின்றது. முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் படும்போது பொரிக்கும். ஆதலால் வாளியைக் கவிழ்த்து ஊற்றுவது மாத்திரம் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். நுளம்பு பெருகுவதற்கு இடமளிக்கும் வகையில் வீட்டையும் வளவையும் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டமொன்று 2007ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டுள்ளது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முற்றத்தையும் பீலியையும் பார்த்துப் போகலாம். பேசினின் அடியில் மறைந்திருக்கும் வாளி அவர் கண்ணுக்குத் தப்பவுங் கூடும். நுளம்புக்கு அது தப்பாது.

தேங்கிய நீரின் கொடுமையைக் கேகாலை மாவட்டம் முன்பும் கண்டிருக்கின்றது. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் வற்றி, பாறையிடுக்குகளிலும் மணற்படுக்கையிலும் குட்டைகளாயின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகிற்று. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1935ஆம் ஆண்டில் பரவிய அக்கொள்ளைநோயினால் நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. வெள்ளத்தால் வந்த அழிவன்று அது. ஓட்டம் நின்ற நீரால் வந்தது. நெடிய முயற்சியின் பின், 2016ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆற்றுக்குட்டையை நாடிய நுளம்பை இந்நாடு வென்றது. வீட்டுக் கலத்தை நாடும் நுளம்பை வெல்லும் வேலை ஒவ்வொரு வீட்டுக்காரருடையதாகும்.

நோயை விட்டாலும் கேடு நீங்குவதில்லை. இந்நாட்டின் ஈரவலயத்தில் மழை மிகுந்து பெய்யும் பகுதிகளுள் கித்துல்கலையும் ஒன்று. வறண்ட நிலத்தில் ஒரு சொட்டு விழுந்தால் வெயில் அதனைக் குடித்துவிடும். கித்துல்கலையிலோ பருவகாலத்தில் துவைத்த துணியே நாள்கணக்கில் காய்வதில்லை. சுவர் உறிஞ்சிய ஈரம் சுவரிலேயே தங்கும், பூஞ்சணம் படரும், கதவு நிலையின் அடி உளுக்கும், கறையான் ஏறும். கடன்பட்டுக் கட்டிய வீட்டுக்கு அதன் முதலாண்டிலேயே மூப்பு வந்து சேரும்.

அவ்வாறாயின் கசிவைத் திருத்துவது எவ்வாறு? அதனைக் கூறுமுன், சப்பிரகமுவ மாகாணமே அளித்த ஒரு பெரும் பாடத்தை அறிந்துகொள்ளல் பயன்தரும். இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடைக்கு அண்மையில், வளவை கங்கையின் குறுக்கே சமனலவெவ அணை கட்டப்பட்டது. ஏறக்குறைய 100 மீற்றர் உயரமுடைய இவ்வணையின் நீரால் 120 மெகாவொற் மின்சாரம் பெறலாம். புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் நீர் நிரம்பிவந்த 1992ஆம் ஆண்டிலே, அணைக்குக் கீழே வலது கரையின் மலைச்சரிவைப் பிளந்துகொண்டு நீர் பீறிட்டது. அணை உடையவில்லை, அணையின் பக்கத்து மலையினுள் இருந்த சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளின் வழியே தேக்கத்து நீர் நுழைந்து, தொலைவில் வெளிப்பட்டது. மலையைக் குடைந்து சீமெந்துக் கரைசலை உட்செலுத்தியும் கசிவு அடங்கவில்லை. பின்னர் 1990களின் பிற்பகுதியில், நீர் நுழையும் பகுதியின் மேலே, நீருக்கடியில், களிமண்ணைக் கொட்டிப் பரப்பினர். அதனால் கசிவு குறைந்ததேயன்றி முற்றும் நிற்கவில்லை. கசிந்து வரும் நீரைக் கல்தொட்டைப் பகுதி உழவர்கள் பாசனத்துக்குப் பயன்படுத்துகின்றனர்.

பொறியியலாளர் பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற பாடம் இதுதான்: நீர் வெளிப்படும் இடம் ஒன்று, அது நுழையும் இடம் மற்றொன்று. வெளிப்படும் வாயில் எதை அப்பினாலும், பின்னால் நின்று தள்ளும் நீர் வேறொரு வழி தேடும். நுழையும் வாயிலை, நீர் நிற்கும் பக்கத்திலிருந்தே, அடைத்தல் வேண்டும். சமனலவெவக்குப் பொருந்தும் இந்நீதி, சாண் அகலப் பேசினுக்கும் அப்படியே பொருந்தும். பேசினின் அடியில் சொட்டு விழும் இடத்தைக் கண்டு அங்கே சவர்க்காரத்தைப் பிசைந்து பூசுவோரும், சீமெந்தைத் தடவுவோரும், துணியைச் சுற்றிக் கட்டுவோரும் உளர். அவர்கள் அடைப்பது வெளிவாயிலை. நீர் நுழையும் வாய் மேலே, கண்ணுக்குப் புலப்படாமல், திறந்தே இருக்கின்றது.

பேசினின் வடிகால் அமைப்பை மேலிருந்து கீழாக அறிந்துகொண்டால் எஞ்சியவை எளிதாகும். பேசினின் அடித்துளையில் வளையமான விளிம்புடன் தெரியும் உலோகம் அல்லது பிளாஸ்ரிக் பகுதியைக் கடைக்காரர் ‘பேசின் வேஸ்ட்’ என்பர். அவ்விளிம்புக்கும் பீங்கானுக்கும் இடையே புட்டி அல்லது இறப்பர் வளையம் இருக்கும். இது முதலாம் மூட்டு. பேசினின் கீழ்ப்புறத்தில் அதே வேஸ்டின் புரியில் ஓர் இறப்பர் வொஷரும், அதன் கீழே தட்டையான பிளாஸ்ரிக் வொஷரும், அவற்றை இறுக்கும் பெரிய நட்டும் உள்ளன. இது இரண்டாம் மூட்டு. அதற்குக் கீழே, வேஸ்டின் வாலும் ‘போத்தல் ட்ராப்’ எனப்படும் நீர்ப்பூட்டும் சந்திக்கும் இடம் மூன்றாம் மூட்டு. அப்போத்தலின் அடியில், அழுக்கெடுக்கக் கழற்றும் கிண்ணம் நான்காம் மூட்டு. போத்தலிலிருந்து சுவருக்குள் செல்லும் குழாயின் இரு முனைகளும் இறுதி மூட்டுகள்.

இவற்றுள் பலர் அறியாத ஒன்றுண்டு. பேசினின் மேல்விளிம்பை அண்டி ஒரு சிறு துளை காணப்படும். நீர் நிறைந்து வழியாதபடி உள்ளாக அதனை இறக்கி வடிகாலில் சேர்ப்பது அத்துளையின் பணி. அதற்காகவே வேஸ்டின் பக்கத்தில் நீண்ட பிளவு வைக்கப்பட்டிருக்கின்றது. அப்பிளவின் வழியாக நீர் பீங்கானின் உட்குழிக்குள்ளும் சென்று நிற்கும். எனவே மேலேயுள்ள புட்டி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், கீழேயுள்ள இறப்பர் வொஷர் சரியாக அமையாவிடின், நீர் திருகுபுரியின் பள்ளத்தில் இறங்கி, சுழற்படியில் இறங்குவதுபோல் வளைந்து வளைந்து, நட்டின் கீழே வெளிப்படும். புதிய பேசின்களில் மெதுவாகக் கசியும் நீர் பலவேளை வருவது இவ்வழியாகத்தான்.

இனி, இடம் அறியும் முறை. முதலாவதாக, ஒழுகுவது வரும் நீரா, போகும் நீரா என்று தெளிதல் வேண்டும். குழாயைப் பயன்படுத்தாத இரவு முழுவதும் சொட்டு விழுமாயின், குற்றம் பெரும்பாலும் வடிகாலில் இல்லை. நீரைக் கொண்டுவரும் குழாயிலோ அதன் அடைப்பானிலோ உள்ளது. பேசினைப் பயன்படுத்தும்போதும் அதன்பின் சிறிது நேரமும் மாத்திரம் விழுமாயின் குற்றம் வடிகாலில் உள்ளது. மலையூற்று நீர் குளிர்ந்தது; ஈரம் மிகுந்த காற்று அக்குளிர்ந்த குழாயில் பட்டு வியர்வைபோல் படிவதும் உண்டு. அது குழாய் முழுவதிலும் பரவிக் காணப்படும். கசிவோ ஓரிடத்தில் தொடங்கும்.

இரண்டாவதாக, அடியிலுள்ள எல்லாப் பகுதிகளையும் உலர்ந்த துணியால் துடைத்து, அரைமணி நேரம் காயவிட வேண்டும். பின்பு வெண்கட்டியைப் பொடித்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் மெல்லத் தூவுதல் நன்று. பள்ளிக்கூடப் பிள்ளை உள்ள வீட்டில் வெண்கட்டித் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஈரம் பட்ட இடத்தில் அவ்வெண்பொடி கரைந்து கருநிறக் கோடிடும். தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், சொட்டு விழுந்த இடமும் தெரியவரும்.

மூன்றாவதாக, வடிகால்வாயை அடைத்துப் பேசினைப் பாதியளவு நிரப்பி, அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்தால் சொட்டின் நிறமே சாட்சி சொல்லும். நீர் நின்றுகொண்டிருக்கும்போதே கீழே ஈரம் தோன்றினால் முதல் இரண்டு மூட்டுகளில்தான் பிழை. அதன்பின் மேல்துளை வரை நிரப்பிச் சற்று வழியவிட வேண்டும். அப்போது மாத்திரம் சொட்டுமாயின், உட்குழியில் இறங்கும் நீருக்கு இரண்டாம் மூட்டு இடங்கொடுத்துவிட்டது என்று பொருள். ஈற்றில் அடைப்பை எடுத்து, முழு நீரும் ஒருங்கே பாயும்படி விட வேண்டும். அந்த வேகத்தில் மாத்திரம் கசியுமாயின், பிழை போத்தல் ட்ராப்பிலோ சுவர்க்குழாயிலோ உள்ளது. மெல்லிய கடுதாசியை மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றிப் பார்த்து வருக. முதன்முதலில் நனையும் இடம் எதுவோ, யாவற்றினும் உயர்ந்து நனைந்த இடம் எதுவோ, அதுவே நோயின் இருப்பிடம். அதற்குக் கீழுள்ள ஈரமெல்லாம் வழிந்து வந்த ஈரமே.

இடம் தெரிந்தபின் வேலை பாதி முடிந்தது. பிழை கீழ்மூட்டுகளில் இருந்தால், ஒரு கிண்ணத்தை அடியில் வைத்து, அந்நட்டைக் கையால் தளர்த்தி வொஷரை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதில் ஒட்டியிருப்பது ஒரு மணற்றுகளோ, சீமெந்துத் துணிக்கையோ, குழாயை வாளால் அறுத்தபோது உண்டான பிளாஸ்ரிக் பிசிரோ ஆகும். கட்டட வேலை நடந்த வீட்டில் இவை எங்கும் பறந்திருக்கும். கழுவித் துடைத்து, குழாயின் முனையை மென்மையாகத் தேய்த்து, வொஷரை மீண்டும் இடுதல் வேண்டும். அவ்வொஷரின் ஒருபுறம் சரிந்தும் மறுபுறம் தட்டையாயும் இருக்குமாயின், சரிந்த புறம் மூட்டின் உள்வாயை நோக்க வேண்டும். தட்டையான புறம் நட்டை நோக்க வேண்டும். தலைகீழாக இட்ட வொஷர் சில நாள் நீரைத் தாங்கும், பின் கைவிடும். குழாய் கோணலாக நுழைந்திருந்தால் எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. சுவர்ப்பக்கக் குழாயை நேராக்கி, மூட்டினுள் போதிய ஆழம் செல்கின்றதா என்றும், மீற்றருக்கு 20 மில்லிமீற்றர் அளவில் சுவரை நோக்கிச் சரிந்திருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும்.

பிழை வேஸ்டிலாயின் அதனைக் கழற்றத்தான் வேண்டும். ட்ராப்பை எடுத்தபின், மேலே ஒருவர் விளிம்பைச் சுழலாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழே பெரிய நட்டைத் தளர்த்தலாம். பழைய புட்டி முழுவதையும் சுரண்டி, பீங்கானின் இருபுறத்தையும் துடைத்து உலர்த்த வேண்டும். விளிம்பின் அடியில் புதிய புட்டியைப் பென்சில் பருமனில் உருட்டிச் சுற்றலாம். பிளாஸ்ரிக் வேஸ்டாயின் இறப்பர் வளையமோ சிலிக்கனோ நன்று. கீழே, இறப்பர் வொஷர் வந்து பொருந்தும் புரிப்பகுதியில் வெள்ளை ரேப்பைச் சில சுற்றுகள் சுற்றி அல்லது சிலிக்கனைத் தடவி, முதலில் இறப்பர் வொஷர், பின் தட்டை வொஷர், பின் நட்டு என்ற ஒழுங்கில் ஏற்ற வேண்டும். கையால் இயன்றவரை இறுக்கியபின், ஸ்பனரால் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை போதும். சிலிக்கன் இட்டால் ஒரு முழு நாள் நீர் படாமல் காயவிடுதல் இன்றியமையாதது. அந்த ஒரு நாள் பொறாமையால் மீண்டும் தொடங்கிய கசிவுகள் பல.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் கூறுதல் தகும். முதலாவது, வலிமை. ஒழுகுகின்றதென்று கண்டவுடன் பெருங்குறட்டை எடுத்து வலிந்து முறுக்குவோர் பலர். வொஷரின் இறப்பர் மெல்ல அமுங்கி இடைவெளியை நிரப்புவதற்காக உள்ளது. மிகையாக முறுக்கினால் அது நெளிந்து வெளியே பிதுங்கும். பிளாஸ்ரிக் நட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படும். பீங்கானே விரிசல் காண்பதும் உண்டு. சிறு கசிவைப் பெருங்கசிவாக்கும் கை, வலிய கைதான்.

இரண்டாவது, ரேப்பை இடமறியாது பயன்படுத்தல். போத்தல் ட்ராப்பின் நட்டுகளில் நீரைத் தடுப்பது புரியன்று, உள்ளிருக்கும் வொஷரே. அப்புரியில் ரேப்பைச் சுற்றினால் நட்டு முழுதும் ஏறாமல் நின்று, வொஷர் அமுங்காமற் போகும். நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்ததாக முடியும்.

மூன்றாவது, யாவற்றினும் பெரிது. “இந்தப் போத்தலால்தானே தொல்லை? நேர்க்குழாய் ஒன்றைப் போட்டுவிடலாம்” என்று சிலர் ட்ராப்பையே நீக்கிவிடுகின்றனர். அதனுள் 50 முதல் 75 மில்லிமீற்றர் ஆழத்துக்கு எப்போதும் நிற்கும் நீர் பழுதன்று. அது வீட்டின் காவல். வடிகாலின் துர்நாற்றமும் பூச்சியும் கிருமியும் வீட்டுக்குள் ஏறாமல் அடைக்கும் பூட்டு அது. இலண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாந்தர் கமிங் என்பவர் 1775ஆம் ஆண்டிலே வளைகுழாயில் நீரை நிறுத்தும் இவ்வுபாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னரும் அதன் அருமை மறக்கப்பட்டதன் விளைவை 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங் கண்டது. அங்கே அமோய் தோட்டம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300 பேருக்கு மேல் பரவியது. தரைவடிகால்களின் வளைகுழாய்களில் நீர் வற்றிப்போனமையால், கழிவுக்குழாயின் நச்சுக்காற்று குளியலறைகளுக்குள் ஏறியதும் அதற்கு ஒரு காரணம் என ஆய்வாளர் கண்டனர். வாளியில் நிற்கும் நீர் நோயை வளர்க்கும். வளைகுழாயில் நிற்கும் நீர் நோயைத் தடுக்கும். நீர் ஒன்றேயாயினும் நிற்கும் இடம் அறிந்து மதிப்பிடல் வேண்டும். ட்ராப்பின் கிண்ணத்தில் மெல்லிய கசிவு இருந்தால் வெளியூர் சென்று திரும்புவதற்குள் அந்தப் பூட்டும் வற்றிவிடும் என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வேலையை வீட்டாரே செய்துகொள்ளலாம். செய்ய இயலாதவர் கைவினைஞரை அழைக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் அழைக்குமுன் எந்த மூட்டில் கசிகின்றது என்று அறிந்து வைத்திருந்தால், அரைநாள் வேலை அரைமணி வேலையாகும். தோட்டத்து வீடுகளில் கசிவை முதலிற் காண்பவர் பெரும்பாலும் பெண்களே. காலையிலும் மாலையிலும் அத்தரையைத் துடைப்போர் அவர்களே. “கீழே ஈரமாக இருக்கின்றது” என்று அவர்கள் கூறும்போது அதனைப் புறக்கணியாது அன்றே குனிந்து பார்ப்பவர் வீடு நனையாது.

புதிதாகப் பேசின் பொருத்துவோருக்கு ஒரு வழக்கத்தைப் பரிந்துரைத்தல் தகும். வேலை முடிந்ததென்று ஒப்புக்கொள்ளுமுன், பொருத்தியவர் உடனிருக்க, பேசினை மேல்துளை வரை நிரப்பி, அரைமணி நேரம் நிறுத்தி, பின் ஒருங்கே திறந்துவிட்டு, அடியில் விரித்த செய்தித்தாளைப் பார்க்க வேண்டும். தாள் உலர்ந்திருந்தால் கூலியை மனநிறைவோடு கொடுக்கலாம். ஈரமாயின் அங்கேயே, அவர் கையாலேயே, திருத்திவிடலாம். இதில் ஐயப்பாட்டுக்கு இடமில்லை; தன் தொழிலை மதிக்கும் எந்தக் கைவினைஞரும் இதனை வரவேற்பார். நீர் ஓடுகின்றதா என்ற சோதனை குழாய்க்கு உரியது. நீர் நின்றால் என்னாகும் என்ற சோதனையே வடிகாலுக்கு உரியது. சமனலவெவயிலும் குறை தெரியவந்தது நீர் நிரம்பிய பின்னரே.

திருத்திய வீட்டிலும் ஒரு வாரம் கழித்து இச்சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். இறப்பரும் பிளாஸ்ரிக்கும் முதல் நாட்களில் தம்மிடத்தே அமைந்து சற்றுத் தளர்வது இயல்பு. அப்போது நட்டைக் கையால் மெல்ல ஒரு முறை இறுக்கினால் நெடுநாளைக்குக் கவலையில்லை. அது முடிந்ததும் அடியில் இருந்த வாளியை வெளியே எடுத்து, உட்புறம் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். வாளி அடியில் இருக்கும்வரை கசிவு இருந்தாலும் எவர் கண்ணுக்கும் படாது. வாளி இல்லாத இடத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் தரை அதனைச் சொல்லிவிடும்.